மேல்முறையீடும் வழக்குரைஞரும்

“மேல்கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்” என்ற பேச்சைக் கேளாத ஊர் நம் நாட்டில் இல்லை. வரப்புத் தகராறில் தண்டனை பெற்றவனும் அதைச் சொல்கிறான். கையாடல் வழக்கில் அகப்பட்ட கணக்கனும் அதைச் சொல்கிறான். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும், அல்லது சிறைக்குச் சென்றதும், அடுத்துச் செய்யவேண்டியது யாது என்பது பெரும்பாலோர்க்குத் தெரிவதில்லை. வீட்டில் படித்த பிள்ளை யார் என்று பார்த்து, தீர்ப்புத் தாளை அப்பிள்ளையின் கையில் கொடுத்து, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்பார்கள். அந்தப் பிள்ளை கல்லூரி மாணவராக இருக்கலாம். பள்ளி இறுதி வகுப்பு மாணவியாகவும் இருக்கலாம். ஆகவேதான் இப்பொருளை மாணவர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

வழக்குரைஞன் ஒருவன், வழக்குரைஞரை அமர்த்தும் முறையைப் பற்றிப் பேசுவது, வைத்தியன் மருந்துச் செலவைப் பற்றிப் பேசுவதைப் போன்றது. கேட்பவர்கள் சற்றுச் சந்தேகத்துடனேயே கேட்கட்டும். அதில் எனக்கு வருத்தமில்லை.

காரைக்காலில் வாழ்வோர்க்கு மேல்முறையீடு என்பது எப்போதும் தொலைவூர்ப் பயணமாகவே இருந்து வந்திருக்கிறது. 1739இல் இவ்வூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் ஆட்சியில் இங்கே சொல்லப்பட்ட தீர்ப்பைப் புதுச்சேரியிலிருந்த மேல்முறையீட்டு மன்றம் ஆராய்ந்தது. அதற்கும் மேலே கடல் கடந்து, பாரிசிலிருந்த கசாசியோன் மன்றம் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்திய அரசிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பும் நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பர் 6 முதல் சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் நம் பகுதிக்கும் விரிந்தது. இந்தியக் குற்றவியல் சட்டங்கள் 1963 அக்டோபர் 1 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தன. பாரிசை நோக்கியிருந்த முகம் சென்னையை நோக்கித் திரும்பியது.

இதில் இன்னுமொரு விந்தை உண்டு. நமக்கு அருகிலுள்ள கும்பகோணத்தில் வாழும் உறவினர் மேல்முறையீடு செய்தால், தஞ்சை மாவட்டத்தார் என்பதால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்கிறார். காரைக்காலார் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குச் செல்லவேண்டும். அங்கே அவருக்கு எதிர்த்தரப்பில் நிற்பவரும் தமிழ்நாட்டின் அரசு வழக்குரைஞர் அல்லர். புதுச்சேரிக்கென்று அமர்த்தப்பட்ட அரசு வழக்குரைஞர். “எங்கள் ஒன்றுவிட்ட மாமாவுக்கு மதுரையில் வாதாடியவர் மிகவும் கெட்டிக்காரர்” என்று யாரேனும் சொன்னால், அவருடைய கெட்டிக்காரத்தனத்தை மறுக்கவேண்டாம். நம் வழக்கு நடக்கும் இடம் வேறு என்பதை மட்டும் நினைவூட்டலாம்.

மேல்முறையீடு என்றால் என்ன என்பதை விளக்க, பிரெஞ்சிந்தியாவின் பழைய வழக்கு ஒன்றைச் சொல்லுகிறேன். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாவதற்கு 23 ஆண்டுகள் முன்னதாகப் புதுச்சேரியில் நடந்தது அது. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராகத் திகழ்ந்தவர் நைனியப்பப் பிள்ளை. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தைக்கு மைத்துனர் முறையினர். 1716இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறையிலிட்டார். கொடுங்கோன்மை, கலகம் விளைவித்தல் ஆகியவை சாட்டப்பட்ட குற்றங்கள். ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தொகை அபராதம் என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டிலேயே அவர் சிறையில் மாண்டார்.

அந்த விசாரணை நடந்த விதத்தை நாம் கவனிக்கவேண்டும். நைனியப்பருக்குப் பிரெஞ்சு தெரியாது. கேள்விகள் அக்காலத்து வணிக மொழியாக இருந்த போர்த்துக்கீசியத்தில் கேட்கப்பட்டன. பதில்களோ பிரெஞ்சில் எழுதப்பட்டன. தமக்கு எதிரான பத்திரங்களைப் பார்க்கவும் அவருக்கு வாய்ப்பில்லை. துணைக்கு வழக்கறிஞரும் இல்லை. சாட்சி சொன்ன தமிழர்கள், தாங்கள் படிக்கவியலாத பிரெஞ்சுத் தாளில் கையொப்பமிட்டார்கள். சுருங்கச் சொன்னால், ஒருவரைத் தண்டிப்பதற்கு ஆதாரமான ஏடு முழுவதும், அவர் அறியாத மொழியில் அவருக்குத் தெரியாமலே உருவாயிற்று.

அவருடைய குடும்பத்தார் விட்டுவிடவில்லை. மூத்த மகன் குருவப்பப் பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்குச் சென்றார். பிரெஞ்சு வணிகருள்ளும் பாதிரிமாருள்ளும் அக்குடும்பத்துக்காகப் பரிந்து பேசினோர் இருந்தனர். விசாரணை நடந்த முறையின் குறைகளெல்லாம் அங்கே எடுத்துரைக்கப்பட்டன. 1720இல் தீர்ப்புத் தள்ளுபடியாகி, இறந்தவரின் பெயர் களங்கம் நீங்கியது. குருவப்பர் கிறித்தவராகிச் செவாலியே பட்டமும் பெற்றுத் திரும்பி, தந்தை வகித்த தலைமைத் தரகர் பதவியிலேயே அமர்ந்தார். அரசியலும் சமயப் பூசலும் பணமும் கலந்த வழக்கு அது. ஏழைக் குடும்பத்தால் இயன்றிராத காரியம் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் புதுச்சேரியில் எழுதப்பட்ட ஏட்டின் குறைகள் பாரிசில் வெளிப்பட்டன என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

மேல்முறையீட்டில் சாட்சிகள் மீண்டும் கூண்டேறுவதில்லை. புதிய சாட்சியம் பெறும் அதிகாரம் மேல் மன்றத்துக்கு உண்டு. ஆனால் அது அரிதாகவே கையாளப்படுகிறது. கீழ் மன்றத்தில் எழுதப்பட்ட சாட்சியம், குறியிடப்பட்ட ஆவணங்கள், தீர்ப்பு ஆகியவை அடங்கிய வழக்குக் கட்டுதான் அங்கே பேசுகிறது. ஆதலால் விசாரணையில் சிறந்து விளங்கும் வழக்குரைஞரும் மேல்முறையீட்டில் சிறந்து விளங்கும் வழக்குரைஞரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. முன்னவர்க்கு வேண்டுவது சாட்சியின் நாவை அறியும் திறன். பின்னவர்க்கு வேண்டுவது படிக்கும் பொறுமை.

ஓர் உதாரணம் கற்பித்துக்கொள்வோம். கோட்டுச்சேரிப் பக்கம் இரு வயற்காரருக்குள் மடைத் தண்ணீர் பற்றிச் சண்டை மூண்டது. ஒருவர் கை முறிந்தது. மற்றவருக்குக் குற்றவியல் நடுவர் இரண்டாண்டுச் சிறை விதித்தார் என்று வைத்துக்கொள்வோம். மேல்முறையீட்டு வழக்குரைஞர் கட்டைப் பிரிக்கிறார். தடியால் அடித்ததைக் கண்ணால் கண்டதாக ஒரு சாட்சி கூறுகிறார். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டிலோ, கரையிலிருந்து விழுந்ததாகக் காயம்பட்டவரே முதலில் சொன்னதாக எழுதியிருக்கிறது. முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்ட நேரம் ஒன்று. நடுவர் கைக்குச் சென்ற நாள் வேறொன்று. இத்தாமதத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை. இன்னும் ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றுகள் ஒவ்வொன்றையும் அவரிடமே எடுத்துச் சொல்லி விளக்கம் கேட்கவேண்டும் என்பது விதி. தீர்ப்பில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு சான்று அவரிடம் கேட்கப்படவே இல்லை. இவையெல்லாம் கட்டுக்குள்ளேயே கிடப்பவை. பக்கம் பக்கமாகப் படிப்பவர் கண்ணுக்கே அவை தோன்றும். “என் கட்சிக்காரர் நிரபராதி” என்று உரத்துச் சொல்வதால் தோன்றா.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். சாட்சி பேசும்போது அவர் முகத்தை நேரில் கண்டவர் கீழ் மன்ற நீதிபதி. அவர் ஒரு சாட்சியை நம்பினார் என்றால், மேல் மன்றம் அதை எளிதில் ஒதுக்கிவிடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவு பற்றியோ அதன் சட்டத் தகுதி பற்றியோ மட்டும் முறையிடலாம். முதல் வகுப்பு நடுவர் விதித்த 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் போன்ற சிறு தண்டனைகளுக்கு மேல்முறையீடே இல்லை. இவற்றை முதல் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லும் வழக்குரைஞரை நம்பலாம். “கட்டாயம் விடுதலை” என்று கட்டைப் பிரிக்காமலே உறுதி கூறுபவரிடமிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடுவது நல்லது.

இனி நாள் கணக்கு. நடுவர் தந்த தண்டனையை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்ல 30 நாள். அமர்வு நீதிமன்றத் தண்டனையை எதிர்த்து உயர்நீதிமன்றத்துக்குச் செல்ல 60 நாள். தூக்குத் தண்டனையாயின் 30 நாளே. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இவ்வாறு வகுத்திருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெறுவதற்குச் செலவான நாட்கள் இக்கணக்கிலிருந்து கழிக்கப்படும். ஆகவே விண்ணப்பித்த நாளும் நகல் தயாரான நாளும் அந்நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் பொறுக்கும். ஆனால் பொறுக்கும் என்று நம்பித் தாமதிப்பது கூடாது.

நகலைப் பற்றி மேலும் ஒரு செய்தி. சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் படி ஒன்று உடனே, இலவசமாகத் தரப்படவேண்டும். மேல்முறையீட்டுக்குரிய தீர்ப்பாயின், அவர் விண்ணப்பித்தால் சான்றிட்ட நகலும் இலவசமே. அவர் விரும்பினால், இயலுமிடத்து அவருடைய மொழியிலேயே பெயர்த்துத் தரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய நடைமுறைச் சட்டத்தில் இது 404ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 363. நைனியப்பருக்குக் கிட்டாத ஒன்றை இன்று கேட்டுப் பெறலாம். ஆனால் கேட்பவர் குறைவு.

மேல்முறையீடு கொடுத்த மாத்திரத்தில் தண்டனை நின்றுவிடுவதில்லை. தண்டனையை நிறுத்தி வைத்துப் பிணையில் விடுமாறு தனி மனுக் கொடுக்கவேண்டும். பிணையிலிருந்து வழக்கு நடத்தியவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனை கிடைத்தால், மேல்முறையீடு செய்வதற்கு வேண்டிய காலத்துக்குத் தண்டனை விதித்த மன்றமே அவரைப் பிணையில் விடலாம். தீர்ப்பு நாளன்றே அம்மனு வழக்குரைஞர் கையில் ஆயத்தமாக இருக்கவேண்டும். கண்ணகி பாண்டியன் அவையில் தொடுத்ததையும் மேல்முறையீடு என்றே சொல்லலாம். சிலம்பை உடைத்துப் புதுச் சான்று காட்டினாள். அரசனும் தவற்றை ஒப்பினான். ஆனால் தண்டனை முன்பே நிறைவேறிவிட்டது. தண்டனை நிறுத்தத்தின் பயனை விளக்க இதனினும் தெளிவான கதை எனக்குக் கிடைக்கவில்லை.

“அப்பீல் செய்தால் தண்டனை கூடிவிடுமோ?” என்று அஞ்சுவோர் உண்டு. தண்டிக்கப்பட்டவர் தாமே செய்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டுதல் ஆகாது. ஆனால் தண்டனை போதாது என்று அரசு தனியே முறையிட்டால் நிலைமை வேறு. சற்றுப் பின்னர்ச் சொல்லப்போகும் ஹோஸ்காட் வழக்கில் அப்படித்தான் நேர்ந்தது.

சரி, வழக்குரைஞரை எவ்வாறு தேர்வது? முதலில், விசாரணை நடத்திய உள்ளூர் வழக்குரைஞரை உதறிவிடாதீர்கள். தோற்றுவிட்டார் என்ற கோபம் இயற்கை. எனினும் வழக்கின் போக்கு முழுவதும் அறிந்தவர் அவரே. மேல்முறையீட்டை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும், கட்டுடன் ஒரு குறிப்பும் எழுதித் தருமாறு அவரைக் கேட்கலாம். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்குரைஞருக்கு இல்லை என்று உச்சநீதிமன்றம் 2000இல் சக்சேனா வழக்கில் சொல்லியிருக்கிறது. இதை எழுதும்போது என் தொழில் நண்பர் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது; ஆயினும் சட்டம் அதுதான்.

சென்னையில் அமர்த்தப்போகும் வழக்குரைஞரிடம் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். குற்றவியல் மேல்முறையீடுகளை நடத்திப் பழக்கம் உண்டா? வாத நாளன்று எழுந்து நிற்கப்போவது நீங்களா, உங்கள் இளையவரா? இளையவர் என்றால் இழிவில்லை. கட்டை முழுவதும் படித்தவர் பெரும்பாலும் அவரே. ஆனால் யார் என்பது முன்கூட்டியே தெரியவேண்டும். கட்டணத்தில் எவ்வெவ்வேலை அடங்கும்? தண்டனை நிறுத்த மனுவும் அதில் சேர்ந்ததா? தட்டச்சுச் செலவு தனியா? பற்றுச்சீட்டு உண்டா? வழக்கில் வென்றால் இவ்வளவு, தோற்றால் ஒன்றுமில்லை என்று வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது வழக்குரைஞர் மன்ற விதிகளுக்கு முரண். அவ்வாறு பேசுவோரிடம் மற்ற விதிகளும் என்ன பாடுபடுமோ!

மூத்த வழக்குரைஞர் என்று நீதிமன்றத்தால் சிறப்பிக்கப்பெற்றோர் வக்காலத்தில் கையொப்பமிடுவதில்லை. மற்றொரு வழக்குரைஞர் வாயிலாகவே அவர்களை அமர்த்தவேண்டும். ஆகவே ஒரு மூத்தவரை வைப்பதென்றால் இருவர் கட்டணம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வழக்கில் சட்டச் சிக்கல் இல்லையெனில் அச்செலவு வேண்டாதது என்பதே என் கருத்து. வக்காலத்து என்பது உங்கள் சார்பில் பேசும் அதிகாரத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது. சிறையிலிருப்பவரிடம் சிறை அதிகாரியின் சான்றுடன் அதைப் பெறுவார்கள். இடம் நிரப்பப்படாத வெற்றுத் தாள்களில் மட்டும் யாரும் கையொப்பமிடவேண்டாம். நீதிமன்ற வாயிலில், “எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார்” என்று தாமே வந்து பேச்சுக் கொடுக்கும் தரகர்களையும் ஒதுக்குங்கள். அவர்களை ஒடுக்குவதற்கென்றே 2023இல் வழக்குரைஞர் சட்டம் திருத்தப்பட்டது.

வழக்குரைஞருக்கே வழக்குரைஞர் தேவைப்பட்ட கதை ஒன்று புதுச்சேரியில் உண்டு. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து மன்றம் புகுந்தார். தமிழர் அவ்வாறு வரலாகாதென்று நீதிபதி தடுத்தார். பொன்னுத்தம்பி பாரிசு வரையில் வழக்கைக் கொண்டுசென்று வென்றார். அவர் சட்டம் கற்றவர், நாவன்மை உடையவர். எனினும் பாரிசில் தமக்காகப் பேச அம்மன்றத்து வழக்கறிஞரான ழுயில் கொதேன் என்பவரையே நம்பினார். தம் ஊர் மன்றத்தில் வல்லவரான ஒருவர், மேல் மன்றத்துக்கு அம்மன்றத்தின் போக்கறிந்தவரை நாடினார். அக்கொதேன் 1876இல் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது இதன் கிளைக்கதை.

பணமில்லாதவர் என்ன செய்வது? இதுவரை சொன்னதெல்லாம் கையில் காசுள்ளவர்க்கே என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். 1978இல் உச்சநீதிமன்றத்தின் முன் ஹோஸ்காட் என்பவரின் வழக்கு வந்தது. படித்தவர், பல்கலைக்கழகப் பட்டச் சான்றிதழைப் போலியாகச் செய்ய முயன்றதாகக் குற்றம். அமர்வு மன்றம் மிகச் சிறிய தண்டனையுடன் விட்டது. அரசு மேல்முறையிட, உயர்நீதிமன்றம் அதை மூன்றாண்டாகக் கூட்டியது. தீர்ப்பின் நகல் உரிய காலத்தில் தமக்குக் கிடைக்கவில்லை என்று கூறி, ஏறத்தாழ நான்காண்டு கழித்து அவர் உச்சநீதிமன்றம் வந்தார். அவர் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஆனால் நீதிபதி கிருஷ்ண ஐயர் அத்தீர்ப்பில், சிறையிலிருப்பவருக்கு நகல் இலவசமாகத் தரப்படவேண்டும். மேல்முறையீட்டுக்கு வழக்குரைஞரை அமர்த்த இயலாதவருக்கு அரசு செலவில் அமர்த்தித் தரவேண்டும். இது தயவன்று, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று நிலைநாட்டினார். தம் வழக்கில் தோற்ற ஒருவரால் மற்றக் கைதிகளுக்கெல்லாம் நன்மை விளைந்தது.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்குரைஞரைப் பெறலாம். காவலில் இருப்போர் என்ற சொல்லைக் கவனியுங்கள்: சிறைக்குச் சென்றுவிட்ட எவரும் அதில் அடங்குவர். உயர்நீதிமன்றத்திலேயே இதற்கெனத் தனிக் குழு இருக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம். வெளியே உதவ யாருமில்லாத கைதி, மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம். அவர் அதை உரிய மன்றத்துக்கு அனுப்பவேண்டும். இலவச வழக்குரைஞர் என்றால் மட்டமானவர் என்றொரு எண்ணம் மக்களிடம் உண்டு. சில இடங்களில் அதற்குக் காரணம் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் ஊக்கமுள்ள இளைஞர் ஒருவர் இலவசமாகப் படித்து வாதாடும் வழக்கு, பெருந்தொகை வாங்கியவர் படிக்காமல் வாதாடும் வழக்கைவிடப் பாதுகாப்பாக இருக்கும்.

அமர்த்திய வழக்குரைஞர் வாத நாளில் வரவில்லையானால்? அவர் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவியல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யலாகாது. கட்டைப் படித்துத் தகுதியின் பேரிலேயே முடிவு செய்யவேண்டும் என்று 1996இல் பானி சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. கைதி சிறையிலிருந்தால் நீதிமன்றமே ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது. எனினும் அந்நிலை வராமல் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ள படித்த பிள்ளையின் வேலை. ஒவ்வொரு வழக்குக்கும் நீதிமன்றக் கணினியில் 16 இலக்க அடையாளக் குறி தருகிறார்கள். அதைக் கொண்டு அடுத்த நாள் எது, முந்திய நாளில் நடந்தது என்ன என்பதைக் காரைக்காலிலிருந்தே கைப்பேசியில் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், சென்னைக்கு வீணாகச் செல்லும் பேருந்துச் செலவு பலமுறை மிஞ்சும்.

உயர்நீதிமன்றத்திலும் தோற்றால் உச்சநீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்கலாம். அதற்குப் பொதுவாக 90 நாள். சிறைத் தண்டனையை எதிர்த்த மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே தண்டனை பெற்றவர் இறந்துபோனால், வழக்கும் அவருடன் முடிந்துவிடும் என்றே பலர் எண்ணுகின்றனர். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோருள் ஒருவர் 30 நாளுக்குள் அனுமதி கேட்டால், இறந்தவரின் பெயருக்காக அதைத் தொடர்ந்து நடத்தலாம். புதிய சட்டத்தில் அது 435ஆம் பிரிவு.